கட்டாத வீட்டின் கதவு

அந்த இடத்தில் அது இன்னொரு முறை திரும்பியிருக்கக் கூடாது.

அவள் வீடியோவைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓடவிட்டாள். மழை நின்ற தெரு. ஈரக் கற்களின் மேல் விளக்கு வெளிச்சம் நெளிகிறது. தோளில் பை தொங்க, முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் உருவம் தெருக்கோடியில் இருக்கும் பச்சைக் கதவை நோக்கி நடக்கிறது. கதவின் முன்னால் வந்து நிற்கிறது. வலப்பக்கமாகத் தலையைத் திருப்பி, வந்த வழியை ஒரு முறை பார்க்கிறது. பிறகு கதவைப் பார்க்கிறது. அதோடு திரை இருண்டு கேமின் பெயர் வர வேண்டும். அதுவரை எல்லாம் அவள் வைத்தபடியே இருந்தது. இருள்வதற்குச் சற்று முன்னால்தான் அந்தத் தலை மறுபடி திரும்பியது. இம்முறை வந்த வழியைப் பார்க்கவில்லை. அதற்கும் கொஞ்சம் மேலே, தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கேமரா எங்கே இருக்குமோ அங்கே பார்த்தது.

முகம் தெரியவில்லை. முகம் செய்யவே இல்லை. முதுகை மட்டும் காட்டும் உருவத்துக்கு முகம் எதற்கு என்று செய்தவர்கள் விட்டுவிட்டார்கள். தலைமுடிக்குக் கீழே வழவழவென்று ஒரு வெற்றுப் பரப்பு.

கண் அசந்திருக்கும் என்று அவள் நினைத்தாள். அந்த எடிட்டிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் கொளுத்துகிறதா மழை கொட்டுகிறதா என்று சட்டை நனைந்து யாராவது உள்ளே வந்தால்தான் தெரியும். சத்தத்தை விழுங்குவதற்காகச் சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சுப் பலகைகளை ஒட்டியிருந்தார்கள். அதற்குள் உட்கார்ந்தால் தன் எச்சிலைத் தான் விழுங்குவதே பெரிதாகக் கேட்கும். சூடேறிய பிளாஸ்டிக் வாசனை, ஏசி துப்பும் தூசி வாசனை, கோப்பையின் அடியில் காய்ந்துபோன காப்பி வாசனை, இவையெல்லாம் அவளுக்குப் பழகிப்போய் வெகுகாலம் ஆகிறது. இன்று அவற்றுக்கு நடுவே புதிதாக ஒரு மெல்லிய வாசனை இருந்தது. மருந்துக்கடைக்குள் நுழைந்ததும் வருமே, அந்த மாதிரி. எங்கிருந்து என்று தேட அவளுக்கு மனம் வரவில்லை.

டிவியில் மாட்டி விளையாடும் கேம் கன்சோல் தயாரிக்கும் ஒரு பெரிய கம்பெனியில் அவளுக்கு வேலை. வருஷத்துக்கு ஒரு முறை, இனி வரப்போகும் கேம்களை ரசிகர்களுக்குக் காட்டும் ஷோ நடக்கும். அரங்கம் நிரம்பி வழியும். வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் அதைப்போலப் பல மடங்கு. மேடையில் ஒருவர் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு நிற்க, பின்னால் மலைபோல் நிற்கும் திரையில் புதுக் கேம் ஓடும். அவர்தான் விளையாடுகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அந்தக் கன்ட்ரோலரில் பேட்டரிகூட இருக்காது. கேமும் பாதிதான் இருக்கும். சில வருஷம் கால்வாசிகூட இருக்காது. திரையில் ஓடுவது முன்பே செய்துவைத்த வீடியோ. மேடையில் நிற்பவர் அதற்கு ஏற்றபடி விரலை அசைத்து, தோளைச் சாய்த்து, நடுவில் ஒரு பெருமூச்சும் விடுவார்.

ஆனால் ரசிகர்கள் காதில் பூ வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இல்லை. எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் காட்சியைக் கண்டால் இது மனிதன் விளையாடுவது இல்லை என்று அந்தக் கணமே பிடித்துவிடுவார்கள். அதனால் உண்மையான ஆள் ஒருவரை விளையாடச் சொல்லி, அவர் கட்டைவிரல் எப்போது தயங்குகிறது, எங்கே தப்பான பக்கம் திரும்பிச் சுதாரித்துக்கொள்கிறது என்பதையெல்லாம் பதிவு செய்துகொள்வார்கள். அந்தப் பதிவுக்கு அங்கே 'கை' என்று பெயர். கையை எந்தக் காட்சியில் ஏற்றினாலும், அந்த ஆளே உள்ளே நடப்பதுபோல் காட்சி உயிர்பெறும். நல்ல கை கிடைப்பது குதிரைக்கொம்பு. அவள் ஏற்றிய கைக்கு மட்டும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டும். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'கைராசி' என்று ஆகிவிட்டது.

அது யாருடைய கை என்று ஒருவரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அது அவள் தம்பியின் கை.

தசைகள் ஒவ்வொன்றாகச் சொல்பேச்சுக் கேட்காமல் போகிற நோய் அவனுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. கால்கள் போயின, முதுகு போயிற்று, கடைசியில் மூச்சும் மெஷினிடம் போயிற்று. விரல்கள் மட்டும் மிச்சம் நின்றன. கட்டிலில் சாய்ந்தபடி, முகமூடி வழியாக ஸ்ஸ் என்று காற்று போய் ஹூம் என்று திரும்பி வர, நாள் முழுக்கக் கேம் விளையாடுவான். இடது கட்டைவிரல் சற்றுப் பிந்தும். அதனால் அவன் ஆட்டிவைக்கும் உருவங்கள் நேராக நடக்கும்போது கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, பிறகு நினைவு வந்தாற்போல் நிமிரும். எந்தக் கதவுக்குள் போவதற்கு முன்னாலும் வலப்பக்கம் திரும்பி, வந்த வழியை ஒரு முறை பார்ப்பான். ஏன்டா என்று கேட்டால், "திரும்பி வர்றப்ப வழி தெரியணும்ல" என்பான். எங்கேயும் போக முடியாதவன் அப்படிச் சொல்வதில் ஒரு நக்கல் இருக்கும். சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் அவள் தண்ணீர் எடுக்கப் போய்விடுவாள்.

இந்த மழைத் தெருவை முதன்முதலாகச் செய்தபோது அவள்தான் சோதனை மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோனாள். உலகத்திலேயே முதலில் இதை விளையாடுகிற ஆள் நீதான் என்று சொன்னாள். அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை, முகமூடியின் பிளாஸ்டிக்கில் அது பனிபோல் படிந்ததை, அவளால் இன்றும் நேராக நினைத்துப் பார்க்க முடியாது. அவன் விளையாட விளையாட மெஷின் அவன் கையைப் பதிவு செய்துகொண்டது. பதிவாகிறது என்று அவள் சொல்லவில்லை. பச்சைக் கதவின் முன்னால் வந்து நின்று, அவன் கேட்டான்.

"இது தொறக்கல க்கா. உள்ள என்ன இருக்கு?"

"வீடு இருக்கு. முழு வீடு. இன்னும் வேல முடியல. முடிஞ்சதும் நீதான் மொதல்ல உள்ள போகப்போற."

நாக்கு கூசாமல் சொன்னாள். அது கதவே இல்லை. தட்டையான பலகையில் ஒட்டிய கதவுப் படம். பின்னால் சுவர்கூடக் கிடையாது. கேமரா பார்க்கும் பக்கத்தை மட்டும் கட்டுவதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். பார்க்காத பக்கத்தில் ஒன்றும் இருக்காது. இருட்டுகூட இருக்காது.

அந்த வருஷத்து ஷோ நடந்த அன்று வீட்டுக்கு வந்தவளை அவன் பக்கத்தில் உட்காரவைத்து, ஷோவை மறுபடி போட்டுக் காட்டினான். மேடையில் கம்பெனியின் மேடைக்காரர், எல்லோரும் 'சிரிப்பு' என்று கூப்பிடும் அந்த வெள்ளைப் பல் மனிதர், கன்ட்ரோலரை ஆட்டிக்கொண்டிருந்தார். திரையில் உருவம் இடப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கதவின் முன்னால் நின்று, வலப்பக்கம் திரும்பி, வந்த வழியைப் பார்த்தது. மூச்சு மெஷின் சில தடவை ஊதி ஓய்ந்தது. அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னான்.

"அந்த ஆளும் என்ன மாதிரியே வெளையாடறாரு க்கா."

"அப்படியா," என்றாள் அவள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. தெரிந்துதான் சொன்னானா, தெரியாமல் சொன்னானா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு கேம் எப்போது வரும் என்று மட்டும் மாதா மாதம் கேட்டான். அடுத்த வருஷம் என்பாள். அடுத்த வருஷமும் அதையே சொன்னாள். கம்பெனி சத்தமில்லாமல் அதைக் கைவிட்ட பிறகும் சொன்னாள். கடைசியில் ஒரு விடியற்காலை கேட்பதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. அவன் அறைக்குள் அதன்பின் அவள் காலெடுத்து வைக்கவில்லை. அம்மாதான் தினமும் கட்டிலைத் துடைத்து, போர்வையை மடித்து வைக்கிறாள்.

இப்போது கம்பெனி அதே தெருவைத் தூசி தட்டி, வேறு பெயர் வைத்து, இன்று மாலை ஷோவில் காட்டப்போகிறது. நேற்று வேறு ஆட்களின் கைகளை ஏற்றிப் பார்த்தார்கள். ஒலிக்கலவை செய்பவர் உதட்டைப் பிதுக்கி, "செத்தவன் கையில வெத்தல பாக்கு குடுத்த மாதிரி இருக்கும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுத் தன் அறைக்கு வந்து, பழைய பதிவை எடுத்து ஏற்றினாள்.

அந்தச் சிரிப்பு நேற்றிலிருந்து அவள் வாயில் கசந்துகொண்டிருந்தது.

பதிவைத் தனியாகத் திறந்து பார்த்தாள். கட்டைவிரலின் அசைவு ஒரு கோடாக ஓடியது. கடைசியில் ஒரே ஒரு மேடு. ஒரு முறைதான் திரும்பியிருக்கிறான். காட்சியில் ஏற்றி ஓடவிட்டாள். உருவம் இரண்டு முறை திரும்பியது. மறுபடி ஏற்றினாள். இந்தத் தடவை இரண்டாவது பார்வை இன்னும் கொஞ்சம் நீண்டது.

ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒலிக்கலவைக்காரர் கதவைத் தள்ளி எட்டிப்பார்த்தார். மூச்சுச் சத்தம் பிரமாதம், ஆனால் தெருவில் நடக்கும்போது கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, குறைத்துவிடவா என்று கேட்டார். எந்த மூச்சு என்றாள். "அதான், முகமூடி போட்ட மாதிரி ஒண்ணு வெச்சிருக்கியே. ஸ்ஸ்னு போய் ஹூம்னு வருதே," என்றவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி அப்படியே இருக்கட்டும் என்று நழுவினார்.

அவள் அப்படி எதையும் வைக்கவில்லை.

ஒத்திகைக்கு எல்லோரையும் மேடைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. காலி அரங்கில் சிரிப்பு கன்ட்ரோலரைப் பிடித்து நின்றார். பெரிய திரையில் மழைத் தெரு விரிந்ததும் அவள் தரையைப் பார்த்துக்கொண்டாள். நடுவில் சிரிப்பு நிறுத்தச் சொன்னார். இதில் யார் பேட்டரி போட்டது, அதிர்கிறதே என்றார். யாரும் போடவில்லை. அவரே மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே காலிப் பள்ளம். ஒரு கணம் அவர் பல் தெரியவில்லை. பிறகு கன்ட்ரோலரை இரண்டு விரலால் பிடித்து, கைக்குட்டையால் துடைத்தார்.

"யார் கையில வெச்சிருந்தீங்க? ஒரே சூடு. வேர்வை வேற."

ஷோவை நடத்தும் மேலாளர் அம்மாள் அதைக் கவனிக்கவில்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உருவம் கதவின் முன்னால் இரண்டாம் முறை திரும்பி, முகமில்லாத முகத்தால் காலி நாற்காலிகளை நோக்கி நின்றபோது, அவர் தன் கையைத் தானே தேய்த்துக்கொண்டார். "பாரு, மயிர்க்கூச்செறியுது. கைராசின்னு சும்மாவா சொன்னாங்க? இதுல ஒரு புள்ளிகூட மாத்தாத."

மாற்றப்போகிறேன், இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். நன்றி என்றுதான் வந்தது.

பிறகு அந்தச் சொல்லை நினைக்க நினைக்க, யாரும் பார்க்காத நடைபாதையில்கூட அவள் காது மடல் சூடேறியது. பயத்தைவிட அதுதான் கொடுமை. அவளுக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது. அந்த இரண்டாம் பார்வை யாருடையதாக இருந்தாலும், எதற்காக இருந்தாலும், அது நன்றாக இருந்தது. இதுவரை அவள் செய்ததிலேயே இதுதான் சிறந்தது என்று அவளுக்குள் இருக்கும் எடிட்டர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அறைக்குத் திரும்பியதும் போன் அடித்தது. அம்மா.

ஷோவை டிவியில் போடுகிறார்களாமே என்று அம்மா கேட்டாள். எதிர்வீட்டுப் பெண் விளம்பரத்தில் பார்த்துவிட்டுச் சொன்னாளாம், தம்பி காத்துக்கொண்டிருந்தானே, அந்த மழைத் தெருக் கேம் இன்று மறுபடி வருகிறதாம். அம்மாவுக்கு கேம் என்றால் தலையும் புரியாது வாலும் புரியாது. ஆனால் அத்தனை வருஷம் அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள்.

"அவன் ரூம்லயே உக்காந்து பாக்கலாம்னு இருக்கேன். அவன் டிவில. அவனுக்கும் பாத்த மாதிரி இருக்கும்ல."

"வேணாம்மா. பெருசா ஒண்ணும் இருக்காது."

"நீ செஞ்சதுதானே? உன் கையால செஞ்சத நான் பாக்க வேணாமா?"

அம்மா கண்டுபிடித்துவிடுவாள். உருவம் இடப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்த அந்த நொடியே பெற்றவளுக்குத் தெரிந்துவிடும். செத்துப்போன பிள்ளையின் விரல்களைப் பெண் மேடையில் விற்றுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துவிடும். இனி அம்மா கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியுமா? அம்மா திட்டமாட்டாள். அதுதான் பயம். ஒன்றும் சொல்லாமல் போர்வையை மடித்துக்கொண்டிருப்பாள்.

போனை வைத்ததும், தம்பியின் கையைக் காட்சியிலிருந்து எடுத்துவிடுவது என்று தீர்மானித்தாள். ஷோவுக்கு இன்னும் நேரம் இருந்தது. வெற்றிலை பாக்குக் கையானாலும் பரவாயில்லை. காட்சியைக் கட்டிய இடத்தை, கேமரா இல்லாமல் எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்க்கக்கூடிய அந்த மென்பொருளைத் திறந்தாள்.

அங்கே மழை கிடையாது, வெளிச்சம் கிடையாது. சாம்பல் நிற வெட்டவெளியில் தெரு ஒரு நாடகத் தட்டிபோல் நின்றது. வீடுகளின் முன்பக்கம் மட்டும். முதுகு இல்லாத வீடுகள். உருவம் தெருவின் தொடக்கத்தில் இருக்க வேண்டும். காட்சி ஓடினால்தான் நகரும். காட்சி ஓடவில்லை. உருவம் பச்சைக் கதவின் முன்னால் நின்றது. நெற்றியைக் கதவில் முட்டுக்கொடுத்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளும் கதவுப் படத்தின்மேல் பதிந்திருந்தன, நெடுநேரமாகத் தள்ளித் தள்ளிக் களைத்தவனைப்போல.

அவள் அதைப் பிடித்துத் தெருவின் தொடக்கத்துக்கு இழுத்துவைத்தாள். கண் இமைத்தாள். கதவின் முன்னால் நின்றது.

மறுபடி இழுத்தாள். மறுபடி அங்கே.

எத்தனை நாளாக? அவன் போன அந்த விடியற்காலையிலிருந்தா? இந்த முதுகில்லாத தெருவில், நீதான் முதலில் உள்ளே போகப்போகிறாய் என்ற ஒரு வார்த்தையை நம்பி? மருந்துக்கடை வாசனை இப்போது அறை முழுக்க இருந்தது. அது என்ன வாசனை என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். முகமூடி அழுத்திப் புண்ணான இடத்தில் அம்மா தடவும் களிம்பு.

அழி என்ற பொத்தானின் மேல் அவள் விரல் இருந்தது. அமுக்கினால் கை போய்விடும். இன்று மாலை அம்மாவுக்குத் தெரியாமல் போய்விடும். எல்லாம் பூசி மெழுகினாற்போல் ஆகிவிடும். திரையில் உருவம் மெதுவாகத் தலையைத் திருப்பி, வலப்பக்கமாக, அவள் இருக்கும் பக்கம் பார்த்தது.

விரலை எடுத்துவிட்டாள். இரக்கத்தால் எடுத்தேன் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கணத்தில் அவள் நினைத்தது வேறு. இது இல்லாவிட்டால் கைதட்டல் இருக்காது.

ஷோ ஆரம்பித்தது. அவள் அறையிலேயே உட்கார்ந்து மானிட்டரில் பார்த்தாள். மேடைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டாள். ஒரு மானிட்டரில் மேடை, இன்னொன்றில் அரங்கம், நடுவில் இருப்பதில் மழைத் தெரு. சிரிப்பு வணக்கம் சொன்னார், ஜோக் அடித்தார், நீங்கள் பார்க்கப்போவது எல்லாம் இந்தக் கணத்தில் நான் விளையாடுவது என்றார். ரசிகர்கள் ஆர்ப்பரித்தார்கள். எத்தனையோ முகங்கள், எல்லாவற்றிலும் அந்த வெளிச்சம். முகமூடியின் பிளாஸ்டிக்கில் பனிபோல் படிந்த அதே வெளிச்சம்.

உருவம் நடந்தது. இடப்பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது.

ஸ்ஸ். ஹூம்.

அரங்கம் அடங்கியது. சிரிப்பின் கட்டைவிரல்கள் அசையவில்லை. அவர் கன்ட்ரோலரை விட்டுவிட முயல்வதுபோலவும், அது அவர் கையை விடாததுபோலவும் இருந்தது.

கதவு. நின்றது. வந்த வழியைப் பார்த்தது. கதவைப் பார்த்தது. மறுபடி திரும்பியது. நேராக அவளைப் பார்த்தது. இருள வேண்டிய திரை இருளவில்லை. பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

பிறகு முன்னால் திரும்பி, கதவைத் தள்ளியது.

கதவுப் படம் திறந்தது.

உள்ளே ஓர் அறை. நீலத் திரைச்சீலை போட்ட ஜன்னல். கம்பி வைத்த கட்டில். மடித்த போர்வை. வளைந்த ஸ்ட்ரா போட்ட கோப்பை. சுவரோரம் ஒரு டிவி, அதில் மழைத் தெரு, திறந்த பச்சைக் கதவு. டிவியைப் பார்த்தபடி நாற்காலியில் ஒரு பெண்மணி, முதுகைக் காட்டிக்கொண்டு. நரைத்த கொண்டை. கழுத்தோரம் கிழிந்து தைத்த ரவிக்கை. அந்தத் தையலை அவளே போட்டிருந்தாள்.

கதவுச் சத்தம் கேட்டாற்போல் அம்மா திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

திரை இருண்டது.

அரங்கம் வெடித்தது. நாற்காலிகள் மேல் ஏறி நின்று கத்தினார்கள். காதுக்கருவியில் மேலாளர் அம்மாளின் குரல், அழுகையும் சிரிப்புமாக, எப்போது கட்டினாய் அந்த அறையை, எனக்குக்கூடச் சொல்லவில்லையே, என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் காதுக்கருவியைக் கழற்றிவைத்தாள். போன் அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா."

மறுமுனையில் அம்மாவின் குரல், இத்தனை வருஷத்தில் கேட்டிராத லேசான குரல்.

"அவன் வந்தான்டீ."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நடந்தே வந்தான். உன்னக் கேட்டான். அக்கா வேலையில இருக்கான்னு சொன்னேன். நான் போய்க் கூட்டிட்டு வரேன்னு சொன்னான். அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு அக்காவுக்குக் காட்டணுமாம்."

"அம்மா, நீ அந்த ரூம விட்டு வெளிய வா. இப்பவே."

"எங்க வர்றது? இங்க கதவக் காணோமே," என்றாள் அம்மா, பாத்திரம் ஒன்றைக் காணோம் என்பதுபோல. போன் அடங்கியது.

அவள் எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். எடிட்டிங் அறையின் சாம்பல் நிறக் கதவை நோக்கிப் போனாள். நாலு எட்டு வைப்பதற்குள் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்து, நினைவு வந்தாற்போல் நிமிர்ந்தது.

அவள் நிமிர்த்தவில்லை.

கதவு பச்சையாக இருந்தது. கைப்பிடியைப் பிடித்தாள். விரல்கள் வழுக்கின. பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. தட்டை. கைப்பிடி, அதன் பளபளப்பு, அதன் நிழல், எல்லாம் வரைந்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே இருக்கும் கோடும் வரைந்தது. கத்த நினைத்தாள். வாய் திறக்கவில்லை. அதற்கு யாரும் பொத்தான் வைக்கவில்லை.

ஸ்ஸ்.

அவள் தலை மெதுவாக வலப்பக்கம் திரும்பியது. சற்றுப் பிந்தி. அவள் திருப்பவில்லை. வந்த வழி தெரிந்தது. நாற்காலி, மேஜை, காய்ந்த கோப்பை. மேஜைமேல் மூன்று மானிட்டர்கள். மூன்றிலும் ஒரே காட்சி. கறுப்புப் பஞ்சுச் சுவர். பச்சைக் கதவு. அதன் முன்னால் தோளில் பை தொங்க ஒரு பெண். அவளுக்குப் பின்னால், சுவர் முடிந்த இடத்தில், ஒன்றும் கட்டவில்லை.

திரையிலிருந்த பெண் தலையைத் திருப்பி வெளியே பார்த்தாள். தலைமுடிக்குக் கீழே வழவழவென்று இருந்தது.

எங்கோ ஒரு பெரிய அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

ஹூம்.

தலை முன்னால் திரும்பியது. கை எழுந்தது.